சுட்ட பலகைக்கு என்ன வைத்தியம்? - வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல சுட்ட பலகைச் சுவர் பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. தெரியாதவங்களுக்காக ஒரு வரி: மரப்பலகையோட ஒரு முகத்தை நெருப்புல நல்லா கருக்கி, அந்தக் கரிப் பக்கம் வெளிய தெரியுற மாதிரி சுவர் மேல வரிசையா அடிக்கிறது. ஜப்பான்காரங்க ரொம்ப காலமா செய்யுற வேலை, அங்க பேரு யாகிசுகி, யாகின்னா சுட்டது, சுகிங்கறது அவங்க ஊர் மரம். நெட்ல ‘ஷோ சுகி பான்’னு போட்டிருப்பாங்க, அது அதே எழுத்தை தப்பா படிச்சதால வந்த பேரு. வேற கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இந்த தடவை இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் சார். தேன்கனிக்கோட்டை பக்கத்துல தோட்டத்து வீடு கட்டி மூணு வருஷம் ஆகுது. முன்பக்க சுவர் முழுக்க சுட்ட பலகை. மேல இன்னும் கன்னங்கரேல்னு இருக்கு, ஆனா கீழ ரெண்டு அடிக்கு வெள்ளை வெள்ளையா பூத்துப் போச்சு. ஓரத்துல ஒரு பலகையோட அடி நுனி விரல் வெச்சா அமுங்குது. வேலை செஞ்சவர் வருஷா வருஷம் வார்னிஷ் அடிச்சா போதும்ங்கறார். போட்டோ வெச்சிருக்கேன். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீங்க சார். முதல்ல அந்த போட்டோவை நீங்களே இன்னொரு தடவை பாருங்க, வலது ஓரத்துல புல்தரையில ஒரு ஸ்ப்ரிங்க்ளர் தலையை நீட்டிட்டு நிக்குது. அது சுத்தும்போதெல்லாம் சுவத்து மேல ஒரு வீச்சு வீசிட்டுத்தான் போகும். அதுல வர்றது போர் தண்ணி. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்து நிலத்தடி தண்ணி லட்சணம் எல்லாருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் தடுப்புன்னு சேர்க்க வேண்டி வந்த ஊரு. ஃப்ளோரைடு பல்லைக் கெடுக்குறது, உங்க சுவத்துல உக்காந்திருக்கிறது அதோட கூட வர்ற சுண்ணாம்பு உப்பு, பக்கெட் ஓரத்துலயும் ஹீட்டர் காயில்லயும் படியுதே அதே சமாச்சாரம். கருப்புல வெள்ளை பளிச்சுனு தெரியுது, வெள்ளை சுவத்துல இருந்தா நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க.

சந்தேகமா இருந்தா வெள்ளை மேல ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க. பொசபொசன்னு நுரைச்சா உப்பு. நுரைக்காம, தொட்டா பஞ்சு மாதிரியோ வழவழன்னோ இருந்தா பூஞ்சை. உப்புன்னா ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணி கலந்து பழைய பனியன் துணியால ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, அப்புறம் நல்ல தண்ணியால ஒரு தடவை அலசி விடுங்க. பூஞ்சைன்னா மெத்துனு இருக்குற பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தண்ணியும் போதும். எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்ப்ரிங்க்ளரை திருப்பி வைங்க, இல்லன்னா அடுத்த மாசம் மறுபடி வினிகர் பாட்டில் வாங்கணும்.

வெள்ளையைப் பாத்து பயந்துட்டீங்க, ஆனா நிஜமான வியாதி அந்த அமுங்குற நுனியில இருக்கு. மரம் தண்ணி குடிக்கிறது முகத்தால இல்ல சார், வெட்டு வாயால. பலகையை குறுக்க அறுத்த இடம்தான் வெட்டு வாய், கரும்பை வெட்டுனா கண்ணு கண்ணா தெரியுமே அந்த மாதிரி நெட்டுக்க ஓடுற குழாய்களோட வாய் எல்லாம் அங்க திறந்து கிடக்கும். முகத்தை நல்லா கருக்கித்தான் எடுத்துட்டு வந்திருப்பாங்க, சைட்ல வந்து அளவுக்கு அறுத்திருப்பாங்க, அறுத்த நுனி பச்சையா வெள்ளையா அப்படியே நின்னிருக்கும், அதுக்கு யாரும் நெருப்பும் காட்டல எண்ணெயும் காட்டல. மூணு வருஷமா தினமும் சாயங்காலம் தண்ணி குடிச்சா எந்த மரம் தாங்கும்? இந்த வேலையில நான் பாத்த வரைக்கும் முன்னாடி வெயில்ல கெட்டுப்போன பலகை கம்மி, அடியிலயும் பின்னாடியும் ஈரத்துல கெட்டதுதான் அதிகம். ஆனா எல்லாரும் முன்னாடிதான் டப்பா டப்பாவா ஊத்துறாங்க, ஏன்னா அதுதான் கண்ணுக்கு தெரியுது.

வார்னிஷ் ஏன் வேண்டாம்னா, அது ஒரு தோல் மாதிரி மேல உக்காரும். கரி பொடி சுபாவம், அதுல தோலுக்கு பிடிமானம் இல்ல. ரெண்டு சித்திரை வெயில் பட்டதும் வெடிச்சு தூக்கும், தூக்குன இடத்து வழியா மழை உள்ள போகும், போனது வெளிய வராது. பிளாஸ்டிக் கவர்ல போட்ட தக்காளி கதைதான். உரியுறப்ப கரியையும் சேத்து பிச்சுட்டு வந்துரும், அப்புறம் மறுபடி சுடணும்.

இப்ப செய்ய வேண்டியது: அந்தப் பலகையை ஸ்க்ரூ கழட்டி கீழ இறக்குங்க. அமுங்குற வரைக்கும் அறுத்து எறிஞ்சிருங்க, கூட ரெண்டு இன்ச் சேத்தே அறுங்க. புது வெட்டு வாயை கேஸ் டார்ச்ல (தீ ஊதுற பர்னர்) கருக்கி, ஆறினதும் எண்ணெய் வைங்க, இழுத்துக்கும், மறுபடி வைங்க, இனி வேண்டாம்னு எண்ணெய் மேலயே நிக்கிற வரைக்கும் வைங்க. மத்த பலகைங்களோட அடி நுனிக்கும் ஒரு சின்ன பிரஷ் விட்டு இதே கவனிப்பு. பலகை அடிக்கும் மண்ணுக்கும் ஒரு அடியாவது இடைவெளி இருக்கணும், மழை மண்ணுல விழுந்து தெறிக்கிற செம்மண் சேறுதான் பாதி எமன். சுவர் ஓரமா ரெண்டு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டிட்டா தெறிப்பு நின்னுரும், கல்லுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சமா.

அப்புறம் குனிஞ்சு டார்ச் லைட் அடிச்சு பலகைக்கு பின்னாடி பாருங்க. ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) அடிச்சு ஒரு இன்ச் காத்து ஓட்டம் விட்டிருக்கணும், கீழயும் மேலயும் வாய் திறந்திருக்கணும். பல்லி, பூரான் வரும்னு சிமெண்ட் வெச்சு அடைச்சிருந்தா உடைச்சு விட்டுட்டு துருப்பிடிக்காத கம்பி வலை வைங்க. பின்னாடி காத்து ஓடுனா நனைஞ்ச பலகை தானா காஞ்சுக்கும், ஓடலைன்னா நீங்க முன்னாடி என்ன பூசுனாலும் வீண். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸான்னும் பாத்துருங்க, சாதா இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு ஒழுகுனாலும் கருப்புல தெரியாது, ஒரு நாள் பலகை கையோட வரும்போதுதான் தெரியும்.

எந்த எண்ணெய், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அடுத்து கேப்பீங்க, இன்னும் ஏழெட்டு பேரும் அதைத்தான் கேட்டிருக்காங்க. வருஷக் கணக்கு வெச்சுக்காதீங்க. ஒரு கை தண்ணி எடுத்து சுவத்துல தெளிங்க. முத்து முத்தா உருண்டு ஓடுனா சும்மா விடுங்க, உறிஞ்சுக்கிட்டா எண்ணெய் நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம். மேக்கால பாத்த சுவர் சீக்கிரம் கேக்கும், எறவானத்துக்கு உள்ள இருக்குற சுவர் பல வருஷம் கேக்காது. எல்லாத்துக்கும் ஒரே நாள்ல அடிக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல.

காயுற எண்ணெயா இருக்கணும், அதான் முக்கியம். ஆளிவிதை எண்ணெய், ஹார்டுவேர் கடையில லின்சீட் ஆயில்னு கேளுங்க, டங் ஆயில்னு ஒரு கொட்டை எண்ணெய், அது கிடைச்சா இன்னும் நல்லது. கடலை எண்ணெய், தேங்கா எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் காயாது, பிசுபிசுன்னு நின்னு தூசியெல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். லாரி பட்டறையில வாங்குன கழிவு ஆயில் அடிக்கிறவங்க இருக்காங்க, வீட்டு சுவத்துக்கு அந்த நாத்தமும் விஷமும் எதுக்கு. அடிக்கிறப்ப மெல்லிசா அடிச்சு, கால் மணி நேரம் விட்டு, மேல நிக்கிறதை துணியால துடைச்சு எடுத்துரணும், வழிய வழிய விட்டா லின்சீட்லயே பூஞ்சை வந்து உக்காரும். ஐப்பசி, கார்த்திகையில கை வைக்காதீங்க, மரம் உள்ள ஈரமா இருக்கும். தை கடைசி, மாசி நல்ல நேரம், அதுலயும் சுவத்துல நேர் வெயில் விழாத நேரமா பாத்து அடிங்க.

கேள்வி: தர்மபுரியில மாமியார் வீட்டுல திண்ணைக்கு பின்னாடி இந்தப் பலகை போட்டிருக்காங்க. யார் சாஞ்சாலும் சட்டையில கரி. குழந்தைங்க கையெல்லாம் கரி. பிரஷர் வாஷர் வெச்சு ஒரே அடியா கழுவி விட்டா கரி வர்றது நின்னுருமா?

பதில்: நின்னுரும்மா, கழுவ கரியே இருக்காது. அந்த தண்ணி வேகத்துக்கு கரி செதில் செதிலா பேந்துரும், மரத்துக்கு இருக்குற காப்பே அதுதான்.

உங்க வீட்டுல இருக்குறது பிரஷ் போடாத ரகம்னு நினைக்கிறேன். சுட்டதை அப்படியே விட்டா முதலைத் தோல் மாதிரி பாளம் பாளமா தடிச்சு இருக்கும், பாக்க அழகு, ஆனா அது கை எட்டாத இடத்துல இருக்க வேண்டியது. ஆள் சாயுற இடத்துக்கு சுட்ட உடனேயே கம்பி பிரஷ் போட்டு உதிர்றதை எல்லாம் உதிர்த்துட்டு எண்ணெய் கொடுத்திருக்கணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு, பலகையோட ரேகை ஓடுற திசையிலயே பிரஷ்ஷால மெதுவா தேச்சு, தூசியை துடைச்சுட்டு, ரெண்டு கை மெல்லிசா எண்ணெய் வைங்க. கருப்பு கொஞ்சம் குறைஞ்சு காப்பிக்கொட்டை கலருக்கு வரும். வெள்ளை வேட்டிக்கு நான் கேரண்டி கொடுக்க மாட்டேன், மத்த துணிக்கு பரவால்ல. வர்ற சொந்தக்காரங்க முதுகுல எல்லாம் கரி பூசி அனுப்பினா மாமியாருக்கு சந்தோஷமா இருந்தா அது வேற விஷயம்.

கேள்வி: அண்ணா, பாலக்கோடு பக்கம் எங்க ஊரு. எங்க தாத்தா வேலிக்கால் நடும்போது அடியை நெருப்புல கருக்கித்தான் நடுவார். ஆனாலும் அஞ்சாறு வருஷத்துல கரையான் தின்னுரும். அப்புறம் எப்படி போன மாசம் ‘சுட்ட மரத்தை கரையான் தொடாது’ன்னு எழுதுனீங்க?

பதில்: நல்லா மாட்டி விட்டீங்க தம்பி. கரையான் கரியைத் தின்னாதுங்கறது நிஜம், அதுல தின்ன ஒண்ணும் இல்ல. மரத்துல இருக்குற சத்து பூரா நெருப்புல போய் கரி மட்டும் மிச்சம். ஆனா அந்தக் கரி எவ்ளோ ஆழம்? ஒரு நூல், நம்ம ஆசாரிங்க கணக்குல ஒரு இன்ச்ல எட்டுல ஒரு பங்கு, சுமாரா 3 மில்லிமீட்டர். அதுக்கு உள்ள இருக்குறது பழைய மரமேதான். சுடும்போது கரி வெடிக்கும், வெடிப்பு ஒவ்வொண்ணும் கரையானுக்கு கதவு. மண்ணுக்குள்ள நட்ட கால்ல ஈரம் எப்பவும் இருக்கும், இருட்டா இருக்கும், அது மண்ணு கூடு கட்டிட்டு வெடிப்பு வழியா உள்ள போய் சாவகாசமா தின்னும், வெளிய கரி ஓடு அப்படியே நிக்கும், ஒரு நாள் மாடு உரசுனா கால் ஒடியும்.

தாத்தா கருக்குன கால்ல நாலஞ்சு நீங்க பொறந்ததுல இருந்து அசையாம நின்னிருக்கும், அதையும் யோசிச்சுப் பாருங்க. அது வைரம் பாஞ்ச கட்டை. நடு வைரத்துலயே இயற்கையா கசப்பு, பிசின் எல்லாம் இருக்கும், வெளி வெள்ளையில ஒண்ணும் இல்ல, வெள்ளையை எவ்ளோ சுட்டாலும் வெள்ளைதான். அதனால சுவத்துப் பலகை வாங்குறப்பவும் வெள்ளை அதிகமா இருந்தா தள்ளிருங்க, சுட்ட பிறகு எல்லாம் ஒரே கருப்பு, யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, மில்லுல வெச்சே பாத்துரணும்.

சுவத்துல கரையான் வராம இருக்குறதுக்கு காரணம் கரியை விட, பலகை மண்ணைத் தொடாம காத்துல இருக்குறது. மண்ணுல இருந்து சுவர் மேல கோடு மாதிரி ஏறுதான்னு மாசம் ஒரு தடவை ஒரு நடை பாருங்க, ஏறுனா தட்டி விட்டுட்டு அடி மண்ணுக்கு மருந்து வைங்க. வேலிக்கு ஏன் இன்னும் மரக்கால்? கல்லுக்கால் நட்டு அதுல கம்பி இழுத்தா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்.

கேள்வி: ஊத்தங்கரையில சின்னதா பட்டறை வெச்சிருக்கேன். கேஸ் டார்ச் இருக்கு. நானே சுட்டு எங்க வீட்டுக்கு அடிக்கலாம்னு இருக்கேன். என்ன மரம்? முன்னாடியே சுவத்துல அடிச்ச பலகை வெளுத்த இடத்துல அப்படியே டார்ச் காட்டலாமா?

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல் பதில்: சுவத்துல வெச்சு டார்ச் காட்டவே காட்டாதீங்க. பலகைக்கு பின்னாடி காத்து ஓட்டம்னு மேல சொன்னேனே, அந்த இடுக்குதான் புகைபோக்கி. குருவி கூட்டு வைக்கோல், ஒட்டடை, காஞ்ச இலை எல்லாம் அங்கதான் இருக்கும். முன்னாடி நீங்க டார்ச்சை அணைச்சுட்டு டீ குடிக்க போயிருப்பீங்க, பின்னாடி கனல் பிடிச்சு ராத்திரி மேல ஏறியிருக்கும். ஸ்க்ரூ கழட்டி, தரையில போட்டு சுட்டு, தண்ணி தெளிச்சு, ஒரு ராத்திரி வெளிய வெச்சு, காலையில தொட்டுப் பாத்துட்டு மாட்டுங்க. கொஞ்சூண்டு இடம் மட்டும்னா எண்ணெயில கருப்பு பொடி கலந்து தொட்டு விட்டா போதும்.

மரம். ஜப்பான்ல சுகி மரம் லேசானது, மெத்துனு இருக்கும், தீ சமமா பிடிக்கும். மூணு பலகையை முக்கோணமா கட்டி நட்டமா நிக்க வெச்சு அடியில காகிதத்தைக் கொளுத்துவாங்க, தீ உள்ளுக்குள்ளயே சர்ருனு மேல ஏறும், சில நிமிஷத்துல மூணும் ஒண்ணா கருகிரும், உடனே பிரிச்சுப் போட்டு தண்ணி. ஃபுஜிமோரி தெருநோபுன்னு ஒரு ஆர்க்கிடெக்ட், நாகானோவுல 2007-ல இப்படி ஒரு வீடு கட்டுன பிறகுதான் உலகம் பூரா இது மேல ஒரு கிறுக்கு வந்துச்சுன்னு சொல்லலாம். அந்த சுகி டார்ஜிலிங் மலையில துப்பின்னு வளருது, ஆனா அங்கிருந்து ஊத்தங்கரைக்கு கொண்டு வர்ற லாரி வாடகையில நீங்க ஓட்டு வீடே மாத்திரலாம்.

நம்ம பக்கத்துல வேம்பு நல்லா காஞ்சதா கிடைச்சா எடுங்க. சில்வர் ஓக் லேசா இருக்கும், சுலபமா சுடலாம், ஆனா ஆயுசு கம்மி, நல்லா நீட்டுன எறவானம் இருந்தா மட்டும். மாமரம் நம்ம மாவட்டத்துல தடுக்கி விழுந்தா கிடைக்கும், அது சென்ட்ரிங்குக்கும் பெட்டிக்கும்தான், சுவத்துக்கு வேண்டாம், பூச்சி விடாது. தைலமரம் முறுக்கிக்கும். தேக்கை சுடாதீங்க, அது சுடாமலே நிக்கிற மரம், மனசு கேக்கல. ஓசூர் சிப்காட்ல இருந்து வர்ற பேக்கிங் பைன் பலகையில சுடுறவங்களும் இருக்காங்க, தப்பில்ல, ஆனா முத்திரையைப் பாருங்க, ஹெச்டின்னு (HT) இருந்தா சூடு மட்டும் ஏத்தினது, எம்பின்னு (MB) இருந்தா விஷப்புகை போட்டது, வேண்டாம். பெயிண்ட் அடிச்ச பழைய கதவு, பச்சை கலர்ல மருந்து ஏத்தின மரம், பிளைவுட், இதெல்லாம் சுட்டா வர்ற புகை உயிரைக் குடிக்கும்.

பலகை முக்கா இன்ச்சுக்கு குறையக் கூடாது, ஒரு இன்ச்னா நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் சுட்டா கிண்ணம் மாதிரி குழியும், பின்பக்கத்தையும் லேசா ஒரு வாட்டு வாட்டிருங்க. நுனிகளை மறக்காதீங்கன்னு மறுபடி சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். லின்சீட் ஆயில் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டின துணிக்குள்ள சூடு வெளிய போகாம ஏறி ஏறி தானாவே தீப்பிடிக்கும், நெருப்பே வைக்க வேண்டாம். நான் நம்பாமத்தான் இருந்தேன். ஒரு வேலையில சாயங்காலம் துணியெல்லாம் கோணிப்பைக்குள்ள திணிச்சுட்டு வீட்டுக்கு போயிட்டேன், காலையில வந்தா பையில பாதி இல்ல, சிமெண்ட் தரையா இருந்ததால தப்பிச்சோம். துணியை விரிச்சு கொடியில தனித்தனியா காயப் போடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வைங்க.

கேள்வி: ஓசூர் அபார்ட்மெண்ட் பால்கனியில போடப் போறோம். ஏற்கனவே எரிஞ்ச மரம், இனி எரியாதுன்னு டிசைனர் சொல்றாங்க. சரியா?

பதில்: இல்ல. கரி மேல் தோல் இருக்குறதால தீ பிடிக்க கொஞ்சம் நேரம் எடுக்கலாம், அவ்ளோதான். ஒரு நூல் கரிக்கு பின்னாடி முக்கா இன்ச் விறகு இருக்கு, பெரிய தீ வந்தா அது நல்லாவே எரியும். அடுக்குமாடியில வெளிச்சுவத்துல மரம் போட தீயணைப்பு விதி என்ன சொல்லுதுன்னு கேட்டு, அசோசியேஷன்ல எழுதி வாங்கிட்டு செய்ங்க. ஏசி வெளி யூனிட், ஒயர் ஜாயிண்ட், கேஸ் அடுப்பு, இது பக்கத்துல எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அரூர்ல இருந்து எழுதுறேன். சுட்ட பலகையில பெரிய கருவண்டு ஒண்ணு வட்டமா விரல் போற அளவு ஓட்டை போட்டிருக்கு. கீழ மரத்தூள் கொட்டிக் கிடக்கு. கரியையும் தின்னுற வண்டா?

பதில்: தின்னல, குடி வந்திருக்கு. அது வண்டு இல்ல, மரம் துளைக்கிற தேனீ ரகம். முட்டை வைக்க காஞ்ச மரத்துல அறை குடையும், குடைஞ்ச தூளை வெளிய தள்ளிரும். ஓட்டை பலகையோட அடி விளிம்புலயோ பின்னாடி ஓரத்துலயோதான் இருக்கும், போய் பாருங்க, சுடாம விட்ட இடம் அதுக்கு நல்லா தெரியும். மருந்து அடிச்சு கொல்லாதீங்க, உங்க துவரை, அவரைப் பூவுக்கெல்லாம் அதுதான் வேலை செய்யுது. குஞ்சு பறந்து போற வரைக்கும் விட்டுட்டு, உள்ள சத்தம் இல்லன்னு தெரிஞ்சதும் ஓட்டை அளவுக்கு ஒரு குச்சி சீவி பசை தடவி அடிச்சு, மேல மட்டமா அறுத்து, கருக்கி எண்ணெய் வைங்க, விளிம்பு பூராவும் அதே மாதிரி. தோட்டத்து ஓரத்துல காஞ்ச முருங்கைக் கட்டை ஒண்ணு போட்டு வெச்சீங்கன்னா அடுத்த வருஷம் அங்க குடி போனாலும் போகும்.